பூமி ஆடினால் பீரோ என்ன செய்யும்?

(நமது டில்லி பகுதி நேர நிருபர்)

2025-ம் ஆண்டு பிப்ரவரி 17-ம் தேதி, திங்கட்கிழமை. விடியற்காலை மணி 5-36. தலைநகர் டில்லியில் வசிக்கும் தமிழன்பர்கள் பலருக்கு அந்த நேரம் மறந்திருக்காது. தௌலா குவான் பக்கத்தில், தரைக்கு அடியில் 5 கிலோமீட்டர் ஆழத்தில் 4.0 அளவுள்ள பூகம்பம். பெரிய பூகம்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊருக்கு நடுவிலேயே, அவ்வளவு மேலாக வந்ததால், ஜன்னலுக்கு அடியில் குட்ஸ் வண்டி போவது போல ஓர் உறுமல். அப்புறம் ஒரு உலுக்கல். அவ்வளவுதான்.

இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை இரவுதான், புது டில்லி ஸ்டேஷன் நெரிசலில் உயிர்கள் போயிருந்தன. ரயில்வேக்காரர்கள் வீடுகளில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. நான் அலறியடித்து எழுந்தபோது என் தாயார் சமையலறையில் டிகாக்ஷன் இறக்கிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டில் காலியாக இருந்தது. தலையணையின் நட்ட நடுவில் எங்கள் வீட்டு இட்லிக் குண்டான் கிடந்தது!

கட்டிலை ஒட்டி நிற்பது என் தாயாரின் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. அதன் மேல் இரண்டு சூட்கேஸ். சூட்கேஸின் மேல் குண்டான். எத்தனையோ வருடமாக அங்கேதான் இருக்கிறது. ஐந்து நிமிடம் முன்னால் அவர்கள் காப்பி போட எழுந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. "குண்டான்தானே விழுந்தது, பீரோ விழவில்லையே" என்று அவர்கள் சொன்னார்கள். அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக் கொண்டது. விழுந்திருந்தால்?

அடுத்த வாரம் ஆர்.கே. புரம் மலை மந்திரில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். மத்தியப் பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். நான் குண்டான் கதையைச் சொன்னதும், "தம்பி, உங்கள் பீரோ எத்தனை உயரம், எத்தனை ஆழம்? அளந்து கொண்டு வாருங்கள்" என்றார். பூகம்பத்தைப் பற்றிக் கேட்டால் பீரோவை அளக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அளந்தேன். உயரம் 78 அங்குலம். ஆழம் 19 அங்குலம்.

பீரோவின் கணக்கு

கணக்கு ஒன்றும் கடினமில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திய எனக்கே புரிந்தது. ஆழத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். 19-ஐ 78-ஆல் வகுத்தால் 0.24, ஏறக்குறைய கால் பங்கு. பீரோவின் எடையில் கால் பங்கு விசை பக்கவாட்டில் வந்தால் போதும், அது காலைத் தூக்கி ஆடத் தொடங்கும் என்று அர்த்தம். ஆட்டம் நீடித்தால் குப்புற விழும்.

இதில் ஒரு விசித்திரம். கட்டிடங்களுக்கான இந்தியப் பூகம்பத் தர விதி ஐ.எஸ். 1893. அதன் 2002-ம் ஆண்டுப் பதிப்பு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. புஜ் ஐந்தாம் மண்டலம், டில்லி நான்கு, பம்பாய், ஆமதாபாத் மூன்று. நம் சென்னையும் அந்த ஆண்டில்தான் இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்தப்பட்டது. நான்காம் மண்டலத்துக்கு அந்த விதி வைத்த எண் என்ன தெரியுமா? 0.24! கடும் பூகம்பத்தில் தரை எந்த அளவுக்கு உலுக்கும் என்பதற்கான எண் அது. என் தாயாரின் பீரோவும் டில்லி மாநகரமும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

இது தரை மட்டத்துக் கணக்கு. மாடி ஏற ஏற ஆட்டம் கூடும். தென்னை மரத்தின் அடி அசைவதற்கும் கொண்டை அசைவதற்கும் உள்ள வித்தியாசம். என்ஜினீயர்களின் ஒரு சூத்திரப்படி, மொட்டை மாடியில் ஆட்டம் தரையைப் போல இரண்டு மடங்கு. நாங்கள் குடியிருப்பது முனிர்க்காவில் ஒரு வாடகை வீட்டில், கடைசி மாடியில்.

"கட்டிடம் விழுந்தால் எல்லாரும் பேசுவார்கள். கட்டிடம் விழாமல் நின்றும், உள்ளே இருக்கிற சாமான் விழுந்து செத்தவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?" என்றார் பெரியவர்.

அவர் சொல்வது உண்மை. தூணும் உத்தரமும் தளமும் கட்டிடத்தின் எலும்புக்கூடு. மற்றதெல்லாம், அதாவது தடுப்புச் சுவர், பால்ஸ் சீலிங், குழாய், விளக்கு, பீரோ, மாடித் தொட்டி, கைப்பிடிச் சுவர், கண்ணாடி எல்லாமே எலும்புக்கூட்டின் மேல் தொற்றிக் கொண்டிருப்பவை. அமெரிக்காவில் போட்ட ஒரு கணக்குப்படி, அலுவலகக் கட்டிடத்தின் செலவில் 18 சதவிகிதம்தான் எலும்புக்கூட்டுக்கு, ஓட்டலில் 13, மருத்துவமனையில் வெறும் 8 சதவிகிதம். பாக்கி முழுவதும் தொற்றிக் கொண்டிருக்கும் சாமான்களுக்கே!

கலிபோர்னியாவில் ஆலிவ் வியூ என்று ஒரு மருத்துவமனை. 1971 பிப்ரவரி பூகம்பத்தில் அதன் புத்தம் புதுக் கட்டிடம் நொறுங்கியது. படித்த பாடத்தோடு மிக உறுதியாக மறுபடியும் கட்டினார்கள். 1994 ஜனவரி 17-ம் தேதி மறுபடியும் பூகம்பம். கட்டிடம் கல்லாக நின்றது. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, மாடி மாடியாக வெள்ளம் இறங்கி, நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. காயம் பட்டவர்கள் தேடி வருகிற நேரத்தில் ஆஸ்பத்திரியே காலி!

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2001 ஜனவரி 26 காலை புஜ் பூகம்பத்தில், அஞ்சார் நகரின் குறுகிய சந்தில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் மேல் இரு பக்கத்துக் கட்டிடங்களும் சரிந்தன. வெளியே ஓடுவது எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகிவிடாது. டில்லியில் அன்று காலை நாங்கள் எல்லாரும் படியிறங்கி ஓடித்தான் தெருவில் நின்றோம். நின்ற இடத்துக்கு நேர் மேலே, மூன்று மாடிக் கைப்பிடிச் சுவர்களின் விளிம்பில் வரிசையாகப் பூந்தொட்டிகள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆணியும் நங்கூரமும்

சரி, பீரோவைச் சுவரோடு பிடித்துக் கட்ட வேண்டும். எதனால், எப்படி?

என்ஜினீயர்கள் இதை ஆங்கர் என்கிறார்கள். கப்பலுக்கு நங்கூரம் என்கிறோமே, அதே சொல்தான். காங்கிரீட்டில் போல்ட்டை நிற்க வைக்க இரண்டு வழி உண்டு. வார்க்கும்போதே உள்ளே வைத்து வார்ப்பது ஒன்று. இறுகிய பிறகு துளை போட்டுச் செருகுவது மற்றொன்று.

முதல் வகைக்கு எனக்கு உடனே ஞாபகம் வந்தது ரயில் பாதைதான். பழைய மரச் ஸ்லீப்பரில் ஆணியை மேலேயிருந்து அடிப்பார்கள். இப்போதைய காங்கிரீட் ஸ்லீப்பரில் அப்படி முடியாது. ஸ்லீப்பரை வார்க்கும்போதே வார்ப்பிரும்பு இன்செர்ட்டுகளை உள்ளே புதைத்து விடுகிறார்கள். தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப் அதில்தான் மாட்டுகிறது. ராஜதானி போனாலும் குட்ஸ் போனாலும் அது பெயர்ந்து வருவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அண்ணாந்து பாருங்கள்: மின்விசிறிக் கொக்கி. தளம் வார்க்கும் முன்பே தடித்த கம்பியை வளைத்து, தளத்தின் கம்பிகளோடு பிணைத்து வார்த்தது அது. பூகம்பத்தில் விசிறி ஊஞ்சலாடும். நாம் முதலில் அதைத்தான் பார்க்கிறோம். ஆனால் ஒழுங்காக வைத்த கொக்கியிலிருந்து விசிறி சுலபத்தில் விழுவதில்லை. அதே அறையில் பின்னாளில் மாட்டிய பால்ஸ் சீலிங்கைப் பாருங்கள். மெல்லிய கம்பியும் பிளாஸ்டிக் பிளக்குமாகத் தொங்கிக் கொண்டிருக்கும்.

இரண்டாவது வகையில்தான் வினை. மரக்கட்டை அடித்து அதில் ஆணி அறைவது நம் ஊர்ப் பழைய முறை. ராவல் பிளக் அதற்குப் பிறகு வந்தது. டில்லி மிஸ்திரிகள் இரண்டையும் 'கிட்டி' என்றே சொல்கிறார்கள். காலண்டருக்கும் சுவாமி படத்துக்கும் கிட்டி போதும். பீரோவுக்கும் கீசருக்கும் போதாது.

கனமான சாமானுக்கு விரியும் போல்ட் வேண்டும். ஹார்டுவேர் கடையில் 'பாஸ்ட்னர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நட்டை முறுக்க முறுக்க, அடிப்பக்கத்தில் இருக்கும் உறை விரிந்து துளையின் சுவரைக் கவ்வும். மற்றொன்று ரசாயனப் பிடிப்பு: துளையில் பசையை நிரப்பிப் போல்ட்டைச் செருகி இறுக விடுவது.

போல்ட் தடியாக இருந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர் சிரித்தார். பெரும்பாலும் போல்ட் அறுவதில்லையாம். காங்கிரீட்தான் போல்ட்டோடு சேர்ந்து ஒரு கூம்பாகப் பெயர்ந்து வரும். வெற்றிலைப் பாக்குக் கடையில் பொட்டலம் மடிக்கிற காகிதக் கூம்பு மாதிரி. ஆகவே தடிமனை விட ஆழம் முக்கியம். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் கூம்பின் பலம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். ஓரத்துக்குப் பக்கத்தில் துளை போட்டால் கூம்பு பாதியாகிவிடும். அந்த ஓரமே உடைந்து போகும். போல்ட்டின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்காவது விளிம்பிலிருந்து தள்ளி இருப்பது நல்லது. இரண்டு போல்ட்டுக்கு நடுவே மூன்று மடங்கு.

இதெல்லாம் சாதாரண நாளில். பூகம்பத்தின்போது காங்கிரீட்டிலேயே வெடிப்பு விழுகிறது. கட்டிடம் இந்தப் பக்கம் சாயும்போது வெடிப்பு திறக்கும், அந்தப் பக்கம் சாயும்போது மூடும். வெடிப்பு போல்ட்டின் துளை வழியாகப் போனால், கவ்வியிருந்த பிடி தளர்ந்து விடும். இதற்காகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெடிப்பு விட்ட காங்கிரீட்டில் போல்ட்டை மாட்டி, இழுத்து இழுத்துச் சோதித்துச் சான்று தருகிறார்கள். ஐரோப்பியச் சோதனைகளில் கடுமையானதில் வெடிப்பின் அகலம் 0.8 மில்லிமீட்டர் வரை போகிறது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கனமான இயந்திரம் வாங்குகிறவர்கள் இந்தச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். தூணும் உத்தரமும் சேரும் சந்தியை ஒட்டித் துளை போடவே கூடாது. வெடிப்பு அதிகம் விழும் இடம் அதுதான்.

துளையில் தூசி இருந்தால் பசை பிடிக்காது. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடியும் ஊத வேண்டும். இவ்வளவு சின்ன விஷயமா என்று கேட்காதீர்கள். பசையையும் போல்ட்டையும் அலட்சியமாக எண்ணக் கூடாது என்பதற்குப் பூகம்பமே தேவையில்லை. 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், பசையிட்ட போல்ட்டுகள் மெல்ல மெல்ல இறங்கி, கூரைப் பலகைகள் ஒரு கார் மேல் விழுந்து ஒரு பெண்மணி இறந்தார். அவசரத்தில் இறுகும் பசை நாள்பட்ட சுமைக்கு ஆகாது என்று விசாரணையில் தெரிந்தது. 2012 டிசம்பரில் ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் போல்ட்டுகள் கழன்று கூரை விழுந்து 9 பேர் பலி. இரண்டிலும் பூமி அசையவே இல்லை.

வீட்டுக்காரரோடு ஒரு வழக்கு

பீரோவைப் பிடிக்க எவ்வளவு பலம் தேவை? பெரியவர் தினசரித் தாளின் ஓரத்திலேயே போட்டுக் காட்டினார். துணிமணியோடு பீரோ 150 கிலோ என்று வைத்துக் கொள்வோம். மாடி ஆட்டம் தரையைப் போல இரட்டிப்பு, அதாவது எடையில் பாதி. அப்போதும் பீரோவின் தலையைப் பிடித்து நிறுத்த 20 கிலோவுக்கும் குறைவான விசையே போதும்! ஆட்டத்தின் துடிப்புக்காக மூன்று மடங்கு வைத்தாலும் 60 கிலோ. நல்ல காங்கிரீட்டில் சரியாகப் போட்ட ஒரு 8 மில்லிமீட்டர் போல்ட் இதைப் போலப் பல மடங்கு தாங்கும். காலைப் பிடிப்பதில் பிரயோஜனம் இல்லை; தலையைத்தான் பிடிக்க வேண்டும். எல் வடிவ இரும்புப் பட்டை இரண்டு, போல்ட் இரண்டு. வேறு செலவு இல்லை.

ஆனால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே! நல்ல மனிதர்தான். ஆனால் சுவரில் துளை என்றதும் முகம் மாறியது. "ஓட்டை போட்டால் அட்வான்ஸில் பிடித்துக் கொள்வேன்" என்று சொல்லி விட்டார். பூகம்பம் என்றேன். "அதுதான் வந்து போய்விட்டதே" என்றார்.

அவர் பேரில் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். 1999-ல் சமோலி பூகம்பத்தில், அவ்வளவு தொலைவில் இருந்த டில்லியிலும் சில கட்டிடங்களின் சுவர்கள் வெடித்தன. 2015-ல் நேபாள பூகம்பத்தில் நாம் எல்லாரும் தெருவில் நின்றோம். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் பேசுவோம். மூன்றாம் நாள் பீரோ மேல் மறுபடி சூட்கேஸ் ஏறிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வரவில்லை. குழாயில் காற்று என்று வீட்டுக்காரரும் நானும் மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் நான்கு. ஒவ்வொன்றும் 1000 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே ஒவ்வொன்றும் ஒரு டன். எதன் மேல் நிற்கின்றன? சிமெண்டு இல்லாமல் வெறுமனே அடுக்கிய செங்கல் வரிசைகள் மேல்! கடைசித் தொட்டியின் அடியில் ஒரு செங்கல் பாதி வெளியே வந்திருந்தது. பூகம்பத்தில் நகர்ந்ததோ, முன்பே நகர்ந்ததோ, யார் கண்டது? அந்தத் தொட்டிக்கு நேர் கீழே மாடிப்படி வாசல். பூகம்பம் வந்தால் எல்லாரும் ஓடி வருகிற வழி.

2002-ம் ஆண்டு விதியில் இதற்கென்றே ஒரு வாசகம் உண்டு. மொட்டை மாடிக்கு மேலே நிற்கும் தொட்டி, கைப்பிடிச் சுவர், புகைபோக்கி போன்றவற்றை, கட்டிடத்துக்கு எடுக்கும் பூகம்ப விசையைப் போல 5 மடங்குக்குச் சோதிக்க வேண்டும். டில்லியில் சாதாரண காங்கிரீட் மாடிக் கட்டிடத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால், ஒரு டன் தொட்டியை அரை டன் விசை பக்கவாட்டில் தள்ளும் என்று வருகிறது. செங்கல் அடுக்கு எங்கே, அரை டன் எங்கே? தொட்டியை இரும்புச் சட்டத்துக்குள் உட்கார வைத்து, சட்டத்தின் கால்களைத் தளத்துக்கு அடியில் உத்தரம் இருக்கும் இடத்தில் போல்ட் போட்டு, துளைகளை நீர் இறங்காமல் அடைக்க வேண்டும். தொட்டியோடு சேரும் குழாயில் ஒரு துண்டு வளையும் குழாயாக இருந்தால் உடையாது.

வீட்டுக்காரர் அந்தச் செங்கல்லைக் காலால் தொட்டுப் பார்த்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய பேரன் பள்ளிக்கூடம் போவதும் அந்த வாசல் வழியாகத்தான். கீழே இறங்கும்போது, "பீரோவுக்கு ஓட்டை போட்டுக் கொள்ளுங்கள்" என்றார்.

மூன்று துளை

மறு ஞாயிறு மிஸ்திரி வந்தார். பீரோ நின்ற சுவரில் முதல் துளை போட்டதுமே டிரில் சர்ரென்று உள்ளே போய்விட்டது. வந்தது செம்மண் தூள். நாலரை அங்குல அரைக்கல் தடுப்புச் சுவர் அது. பூகம்பத்தில் அந்தச் சுவரே முதலில் விழக்கூடும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். விழுகிற சுவரில் பீரோவைக் கட்டினால் இரண்டும் சேர்ந்து விழும். ஆகவே பீரோவை மூலையிலிருக்கும் காங்கிரீட் தூணை ஒட்டி நகர்த்தினோம். அங்கே இரண்டாவது துளை ஒன்றரை அங்குலத்தில் கம்பியில் முட்டி நின்றது. கம்பியை அறுத்துக் கொண்டு போகட்டுமா என்றார் மிஸ்திரி. கூடாது என்று தடுத்தேன். அந்தத் துளையைச் சிமெண்டு வைத்து அடைத்து, தள்ளி மூன்றாவது போட்டோம். இம்முறை சாம்பல் நிறத் தூள் வந்தது. காங்கிரீட்! என் தாயார் கைதட்டாத குறைதான். அதன் பிறகு அடுத்த பட்டைக்குச் சிரமம் இருக்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் வாசகர்கள் பார்த்துக் கொள்ள வேண்டும். டில்லிக் குளிருக்கு எல்லார் வீட்டுக் குளியலறையிலும் கீசர் இருக்கிறது. 25 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 25 கிலோ, நம் தலைக்கு நேர் மேலே. எந்தச் சுவரில், எந்த ஆணியில் தொங்குகிறது என்று ஒரு தடவை பாருங்கள். இன்வெர்ட்டர் பாட்டரியைச் சக்கர வண்டியில் வைத்திருந்தால் சக்கரத்துக்குத் தடை போடுங்கள். சமையல் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு பிணைக்கலாம். பரணில் பித்தளைப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் முன்புறம் ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் போதும்.

இந்த விஷயங்களைப் படத்தோடு விளக்கும் ஒரு புத்தகத்தைக் குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2012-ல் வெளியிட்டிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அப்போது பேராசிரியராக இருந்த சி.வி.ஆர். மூர்த்தியும் மற்றவர்களும் எழுதியது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் படங்களைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். பள்ளி, சங்கக் கட்டிடம் நடத்துகிற நம்மவர்கள் புத்தக அலமாரிகளையும் ஆய்வுக்கூட அலமாரிகளையும் அதைப் பார்த்துப் பிடித்துக் கட்டலாம். அலமாரிகளை நல்ல சுவரில் கட்டுவதோடு, முதுகோடு முதுகு நிற்பவற்றின் தலைகளை ஒன்றோடொன்று இணைத்தாலும் பலன் உண்டு. என் ஆபீஸ் ரிக்கார்டு ரூமைப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

குண்டான் இப்போது சமையலறைத் தரையில் இருக்கிறது. பீரோவின் மேல் ஒன்றும் இல்லை. அங்கே தூசி சேருவது என் தாயாருக்குப் பிடிக்கவில்லை. ஒரு சின்ன டிரங்குப் பெட்டியாவது வைக்கலாமா என்று கேட்கிறார்கள். மொட்டை மாடித் தொட்டி செங்கல் மேல்தான் நிற்கிறது. வெளியே வந்த செங்கல்லை வீட்டுக்காரர் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார். இரும்புச் சட்டத்துக்கு வெல்டரிடம் விலை கேட்டிருப்பதாகச் சொன்னார். அதுவரை மாடிப்படி வாசலில் யாரும் நின்று பேச வேண்டாம் என்று அவரே கட்டிடத்தில் எல்லாரிடமும் சொல்லி வருகிறார்.